ஃபனேகாவும் ஹெக்டேரும்

ஸ்பானிய வரலாற்று நூல்களை மொழிபெயர்ப்போர் பழைய நில அளவைகளை ஹெக்டேராக்கி மூலச்சொல்லைக் கைவிடுவது எனக்கு உடன்பாடில்லை. 'கபயெரியா' என்பது குதிரைவீரனுக்கு அளித்த நிலத்தால் வந்த பெயர். அது மெக்சிகோவில் ஏறத்தாழ 42.8 ஹெக்டேர், கியூபாவிலோ 13.4 மட்டுமே. ஊரறியாது கணக்கிட்டால் கியூபாவின் கரும்புத் தோட்டமொன்று மும்மடங்காகப் பெருத்துவிடும்.

'ஃபனேகா' முதலில் தானியத்தை அளக்கும் முகத்தலளவை. அவ்வளவு விதை கொள்ளும் நிலத்துக்கும் அதுவே பெயராயிற்று. காஸ்டீலிய அளவில் அது 0.64 ஹெக்டேர், மாட்ரிட் அளவில் 0.34. ஸ்பெயின் 1849இல் மெட்ரிக் முறையைச் சட்டமாக்கியது. பழைய பத்திரங்கள் அதனால் மாறிவிடவில்லை. விதைப்பாட்டு அளவில் உழவனின் கணக்கு இருக்கிறது; ஹெக்டேரில் பரப்பு மட்டுமே.

ஆகவே மூலச்சொல் வரிக்குள் நிற்கட்டும். எந்த ஊர், எந்தக் காலத்து அளவை என்பதோடு மெட்ரிக் எண் அடிக்குறிப்பில் வரட்டும். வாசகர் அத்தனை பொறுமையற்றவரா என்ன?