தபால் போட முடியாத பெட்டி

பி.காம். படித்தவனை பிஸிக்ஸ் லேபுக்குள் யாரும் கூப்பிட மாட்டார்கள், ஸ்டாக் ரிஜிஸ்டர் டேலி ஆகாத நாள் தவிர. வடக்கனந்தல் பக்கம் ஒரு பள்ளியில் வாத்தியாராக இருக்கும் நண்பன் கூப்பிட்டான்.

"பழைய சாமானெல்லாம் ஏலத்துக்குப் போவுது மாப்ளே. நீ பேரைப் படி, நான் பொருளைக் காட்டுறேன்."

ஜன்னலுக்கு வெளியே கல்வராயன் மலை. உள்ளே பீரோ நிறைய தூசி. ரிஜிஸ்டரில் முதல் வரி: 'போஸ்ட் ஆபீஸ் பாக்ஸ் - 1.'

"கடுதாசி போடுற ஓட்டை எங்கடா?"

"ஏகப்பட்டது இருக்கு, பாரு" என்று ஒரு மரப்பெட்டியை எடுத்து வைத்தான். மேலே வரிசையாகப் பித்தளைக் கட்டைகள், இடையிடையே ஓட்டை, ஒவ்வொன்றிலும் கறுப்புத் தலை வைத்த சாவி. சாவியைப் பிடுங்கினால் அந்த ஓட்டைக்குரிய மின்தடை சர்க்யூட்டில் சேரும். 1 ஓமிலிருந்து 5,000 ஓம் வரை. ஒரு ஓட்டையில் மட்டும் 'இன்ஃபினிட்டி'! அதை எந்த லெட்ஜரில் எழுதுவது?

பெயர் வந்த கதை சுவாரசியம். அந்தக் காலத்தில் பிரிட்டிஷ் தபால் இலாகா தந்திக் கம்பியில் பழுது பார்க்க வைத்திருந்த பெட்டி இது. கம்பியின் தடையை அளந்தே, இத்தனையாவது மைலில் கோளாறு என்று கணக்குப் போட்டுவிடலாம்.

பெயர் தெரியாத சாமானுக்கு நண்பன் வைத்திருக்கும் வழி எளிது. அடியில் மூன்று திருகு இருந்தால், மட்டமாக நிற்க வேண்டிய கருவி. நிமிர்ந்த வளையத்தில் கம்பி சுற்றி நடுவில் திசைகாட்டி இருந்தால் டேன்ஜன்ட் கால்வனாமீட்டர். அதை வடக்கு தெற்காகத் திருப்பி வைத்த பிறகுதான் பாட்டரியை இணைக்க வேண்டும். வாஸ்து பார்க்கும் கருவி!

ஒன்று மட்டும் எதற்கும் ஒத்துவரவில்லை. உருளையாக, அளவுக்கு மீறிய கனம். ரிஜிஸ்டரிலும் இல்லை.

"மிஸலேனியஸ்னு போட்டு ஏலத்துல தள்ளேன்."

"பேர் தெரியாததைத் தள்ள மாட்டேன். மாயாபுரி ஞாபகம் இருக்கா?" என்று அதை மட்டும் தனியாக வைத்துப் பூட்டினான்.

டில்லிப் பல்கலைக்கழகத்தின் வேதியியல் துறை 1968-ல் வாங்கிய காமா கதிர்வீச்சுக் கருவி அது. 1985-க்குப் பிறகு உபயோகமில்லை. 2010 பிப்ரவரியில் பழைய இரும்போடு ஏலத்துக்குப் போனது. மாயாபுரி காயலான் கடையில், கனமான சாமானாச்சே, நல்ல காசு என்று பிரித்தார்கள். உள்ளே கோபால்ட்-60. அதன் வீரியம் ஐந்தேகால் வருஷத்துக்கு ஒரு தடவை பாதியாகும். நம் தேய்மானக் கணக்கு மாதிரிதான். 42 வருஷத்தில் எட்டு தடவை பாதியாகி, 256-ல் ஒரு பங்கு மிச்சம். அந்த மிச்சத்துக்கே ஒருவர் செத்துப்போனார், பலர் ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள்.

உங்கள் ஆபீஸிலும் பழைய சாமானைக் கண்டம் பண்ணுவார்கள். மஞ்சள் பின்னணியில் மூன்று இறக்கை மின்விசிறி மாதிரி ஒரு சின்னம் கண்ணில் பட்டால், ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்துவிட்டு எட்டி நில்லுங்கள். போலீசுக்குச் சொல்லுங்கள். மும்பையில் இருக்கும் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்துக்கும் தகவல் போகவேண்டும்.