மாப்பிள்ளையின் தோள்

ரிசப்ஷன் மேடையில் என் கண் முதலில் போவது மாப்பிள்ளையின் கோட்டுத் தோளுக்குத்தான். தோள் எலும்பு முடியுமிடத்தில் தையல் நிற்க வேண்டும். கீழே இறங்கினால் இரவல் கோட்டு போலாகிவிடும். பின்கழுத்தில் கோட்டுக் காலர் சட்டைக் காலரை விட்டு விலகக் கூடாது, மணிக்கட்டில் சட்டைக் கை கால் முதல் அரை அங்குலம் வரை தெரிய வேண்டும். வாங்கிய பிறகு இடுப்பைப் பிடிக்கலாம், பேன்ட் நீளத்தைக் குறைக்கலாம். ஆனால் தோளில் கைவைக்க நல்ல டெய்லரே தயங்குவார்; கோட்டுக் கையைக் கழற்றி, உள்ளே வைத்த பஞ்சைப் பிரித்துத் திரும்பத் தைக்க வேண்டும். இன்னொன்று மனதை உறுத்துகிறது: முதுகுப்புறப் பிளவைச் சேர்த்துக் தயாரிப்பின்போது போட்ட பெருக்கல் குறித் தையலைப் பலர் பிரிப்பதே இல்லை. அது பிரித்தெறிய வேண்டிய நூல். பட்டுப் புடவைக்கு நாள்கணக்கில் அலையும் வீட்டாரே, கோட்டை ட்ரயல் பார்க்கவும் ஒரு மாலை ஒதுக்குங்கள். கையைத் தூக்கி, உட்கார்ந்து பார்த்த பிறகே பணம் கொடுங்கள்.