விண்ணப்பத்திற்கு வேஷம் எதற்கு?

எருமப்பட்டி முதலான நாமக்கல் ஜில்லாக் கிராமங்களினின்றும் இஞ்சினீயரிங் பட்டம் பெற்று, சென்னை, பெங்களூர் கம்ப்யூட்டர் கம்பெனிகளில் உத்தியோகம் தேடும் வாலிபர் பலர். அவர்களில் சிலர் தங்கள் தகுதிப் பத்திரத்தை வர்ணங்களாலும், சித்திரங்களாலும், திறமையை அளக்கும் கோடுகளாலும் அலங்கரிக்கின்றனர். 2013-ல் ஆஸ்திரேலியாவில் தோன்றிய கான்வா போன்ற சாதனங்கள் இதை வெகு சுலபமாக்கிவிட்டன. இவ்வலங்காரத்தால் நன்மையுண்டா?

பெரும்பாலும் தீமையே யென்று நாம் கருதுகிறோம். பெரிய கம்பெனிகள் பலவற்றில் விண்ணப்பத்தை முதலில் வாசிப்பது ஒரு யந்திரமே. இரு பத்திகளாகப் பிரித்ததை அது கலந்து வாசித்துக் குழப்பலாம். படத்தினுள் பொறித்த எழுத்தை அடியோடு விட்டுவிடவுங் கூடும். பின்னர்ப் பார்க்கும் அதிகாரியோ, 'ஜாவா 80 சதவீதம்' என்ற கோட்டினின்று எதை அறிவார்? செய்த வேலை யாது, அதனால் விளைந்த பயன் யாது என்பதே அவர் கேள்வி.

ஓவிய மேதை லியொனார்டோ டா வின்சி, 1482-ஆம் வருஷத்தை யொட்டி மிலான் அதிபரிடம் வேலை வேண்டி எழுதிய கடிதத்தில், பாலமும் பீரங்கியும் செய்யும் வல்லமையையே எண்ணிட்டு வரிசையாகச் சொன்னார். ஓவியத்தைக் கடைசியிலேயே குறிப்பிட்டார். யுத்த காலத்து அதிபருக்கு எது தேவையென்பதை அவர் அறிந்திருந்தார்.

சித்திர வேலையையே நாடுவோர் தங்கள் சித்திரங்களைத் தனியே காட்டட்டும். மற்றையோர் தெளிவாக எழுதினாற் போதும். சிபார்சு செய்ய எவருமில்லாத, குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் பெற்ற கிராமத்து வாலிபனுக்கு அந்த ஒரு தாளே வக்கீல். வக்கீல் கட்சியை எடுத்துரைக்க வேண்டும், வேஷம் காட்டலாகாது. இதைக் கற்பிக்க நமது கலாசாலைகள் கடமைப்பட்டுள்ளன.