மருந்து வைத்தது யார்?

கள்ளக்குறிச்சியிலாகட்டும், கல்வராயன் மலையடிவாரத்திலாகட்டும், ஒருவனுக்கு மாதக்கணக்கில் வயிற்றுவலியும் இரத்தபேதியுமாக உடல் இளைத்துப் போகிறதென்று சொல்லிப் பாருங்கள். “யாரோ மருந்து வைத்துவிட்டார்கள்” என்று சொல்ல ஆள் இல்லாமற்போகாது. மலைவாழ் மலையாளி மக்களைப் பாமரர் என்று பரிகசிக்கும் பட்டணத்துப் பட்டதாரியும் இவ்விஷயத்தில் சளைத்தவரல்ல. பிறகு ‘மருந்து எடுக்கிறவன்’ வருவான். வயிற்றில் குழலை வைத்து உறிஞ்சுவான். வாயில் முன்னமே ஒளித்து வைத்திருந்த மயிர்ச் சுருளைத் துப்பிக் காட்டுவான். பணம் போவதோடு காரியம் முடிந்தாலும் பாதகமில்லை. வைத்தது யார் என்ற கேள்வி கிளம்பினவுடன் சோறு போட்டவள் தலையிலேயே பழி விழுகின்றது. சோறு போடுகிறவள் மனைவியோ மருமகளோதானே!

உண்மையில் அந்தக் குடலில் நடப்பதென்ன? குடற்சுவரில் நம்மைக் காக்கும் அணுக்கள் ஏராளமாக உள்ளன. கிருமி நுழைந்தால் அவை ஒன்றுக்கொன்று சேதி சொல்லச் சில புரதங்களை வெளிவிடுகின்றன. இவற்றுக்கு சைட்டோகைன் என்று பெயர். ஒரு சேதி ‘ஓடி வாருங்கள்’ என்னும். மற்றொன்று ‘போதும், நிறுத்துங்கள்’ என்னும். கிரோன் நோயிலும், பெருங்குடல் புண்ணாகும் அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் என்னும் நோயிலும் முதற்சேதி ஓய்வதேயில்லை. குடலில் சாதாரணமாய்க் குடியிருக்கும் கிருமிகளையே பகையாய் எண்ணிக் காவற்படை தன் வீட்டையே கொளுத்துகின்றது. இதில் மாமியார் எங்கே வந்தாள், மருமகள் எங்கே வந்தாள் என்று கேட்கின்றோம்.

இது வெறும் யூகமல்ல. டி.என்.எஃப். என்னும் சேதிப்பொருள் 1975இல் அறியப்பட்டது. அதைப் பிடித்துக் கட்டும் இன்ஃப்ளிக்சிமாப் என்ற மருந்து 1998இல் அமெரிக்காவில் கிரோன் நோய்க்கு அனுமதி பெற்றது. சேதியைத் தடுத்ததும் பலருக்குப் புண் ஆறிற்று. எல்லோருக்கும் ஆறவில்லை என்பதையும் வைத்தியர்களே ஒப்புக்கொள்ளுகிறார்கள். மருந்து எடுக்கிறவன் தோற்றேன் என்று என்றைக்காவது சொன்னதுண்டா?

ஆனால், ஊசி வந்துவிட்டது, போட்டுக்கொண்டால் தீர்ந்தது என்றும் நினைத்துவிடக் கூடாது. காசநோய்க் கிருமியை உடலுக்குள் சிறைவைத்திருக்க உதவுவதும் இதே டி.என்.எஃப்.தான். காசமோ நம் நாட்டில் மலிந்து கிடக்கின்றது. அது நுரையீரலில் மட்டுமல்ல, குடலிலும் வரும். வந்தால் அசல் கிரோன் நோயைப் போலவே தோற்றும். குழாய் விட்டுக் குடலைப் பார்த்து, சதைத் துணுக்கெடுத்துச் சோதித்து, இன்னதென்று தெளியாமல் ஊசி போட்டால் அடங்கியிருந்த காசம் கட்டவிழ்ந்து ஆளையே கொன்றுவிடலாம்.

ஆகையால் நாள் கடத்தாமல் சோதனைக்குப் போவதே முக்கியமாகும். கள்ளக்குறிச்சியில் சர்க்கார் மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. பேதி ஒரு மாதம் நின்றபாடில்லையென்றால் மலைமேலுள்ள சுகாதார நிலையத்தாரே நோயாளியைக் கீழே அனுப்ப வேண்டும். கூலி இழந்து வருகிற ஏழைக்கும் துணைக்கு வருகிறவருக்கும் பஸ் சார்ஜையும் சாப்பாட்டையும் சர்க்காரே கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் மருந்து எடுக்கிறவன்தான் அவன் வாசலுக்கே வருகிறானே!

டாக்டர் சீட்டு வந்து, நோய் இன்னதென்று தெரிந்த பிறகு, பழி சுமந்த மருமகளிடம் போய் “தப்புச் சொல்லிவிட்டோம், அம்மா” என்று சொன்ன ஊர்ப் பெரியவர் ஒருவரையாவது நாம் இன்னும் கண்டதில்லை.