சுளுக்கென்று உடனே உருவாதீர்கள்!

பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பங்களில் கால்பந்து ஆடும் பையனுக்குக் கணுக்கால் பிசகினால் என்ன செய்கிறோம்? "எண்ணெய் போட்டு நல்லா உருவி விடு, சரியாப் போயிடும்!" அதுதானே?

சித்த வைத்தியனான நானே சொல்கிறேன், வேண்டாம்! தொக்கணம் நம் சொத்துதான். ஆனால் முதல் 2, 3 நாள் தேய்த்தால் ரத்தக்கசிவும் வீக்கமும் கூடும். துணிக்கட்டுப் போட்டுக் காலை உயர்த்தி வையுங்கள். நாலடி நடக்க முடியவில்லையா? கணுக்கால் எலும்பை அழுத்தினால் வலிக்கிறதா? எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள். வளரும் பிள்ளைகளுக்கு எலும்பு நுனியிலுள்ள குருத்துப் பகுதி பலவீனமானது. சுளுக்கென்று நினைத்தது முறிவாகவும் இருக்கலாம்.

வருமுன் காப்பது அதைவிட மேல். நார்வேயில் 13 முதல் 17 வயதுப் பெண்களின் கால்பந்து அணிகளுக்கு 20 நிமிட முன்பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். 2008-ல் வெளியான அந்த ஆய்வில், காயங்கள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தன!

கோப்பைக்கும் பனியனுக்கும் வசூல் பண்ணுகிறோமே, நாலைந்து குப்பங்கள் சேர்ந்து வாரம் 2 சாயங்காலம் முறையாகப் படித்த பிசியோதெரபிஸ்ட் ஒருவரை வரவழைக்கக் கூடாதா? வீக்கம் வடிந்தபின் அவர் யோசனையோடு தொக்கணமும் செய்யலாம்.

நாளைக்குப் படகு தள்ள, வலை இழுக்க அந்தக் கால்தானே வேண்டும்? யோசியுங்கள்!