பார்க்காத நோயாளிக்கு முழுக் கட்டணமா?

நம் நாட்டில் அரசாங்க ஆஸ்பத்திரியில் மருந்து எடுக்கக் காசு கொடுக்கத் தேவையில்லை. நாவலப்பிட்டி மாவட்டப் பொது வைத்தியசாலையின் கிளினிக்குக்குப் போகும் சீனி வியாதிக்காரருக்கும் பிரஷர்காரருக்கும் கொப்பியில் எழுதி, மாத்திரையையும் கையில் கொடுத்து அனுப்புகிறார்கள். இதை நாம் சாதாரணமாக எடுத்துக்கொள்கிறோம். அமெரிக்காவில் இருப்பவர்களுக்குச் சொன்னால் நம்பமாட்டார்கள்.

அப்படியிருந்தும் மாலையானால் நம் ஊரில் எத்தனையோ பேர் தனியார் வைத்திய நிலையங்களில் நம்பர் எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். கிளினிக் நாள் என்றால் காலையிலேயே போய் வரிசையில் நிற்க வேண்டும். அன்றைய வேலை போய்விடும். கடையில் நிற்பவருக்கும் கொழுந்து பறிப்பவருக்கும் அது ஒரு நாள் சம்பளம். 2022 இல் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது, துண்டை எழுதிக் கொடுத்து வெளியே வாங்கச் சொன்னார்கள். அன்று தனியார் பக்கம் போன சிலர் திரும்பி வரவேயில்லை.

நான் பேச வருவது அங்கே நடக்கும் ஒரு விடயத்தைப் பற்றி. நீண்டகால நோயாளிக்குப் புதிதாக வருத்தம் ஒன்றுமில்லை. மாத்திரை முடிந்துவிட்டது, அதே மாத்திரைக்குப் புதிய துண்டு வேண்டும், அவ்வளவுதான். கவுன்டரில் கொப்பியைக் கொடுத்தால் உள்ளே கொண்டுபோகிறார்கள். சிறிது நேரத்தில் பழைய நான்கு வரிகளும் புதிய திகதியோடும் கையொப்பத்தோடும் வெளியே வருகின்றன. நோயாளி கதவைக்கூடத் தாண்டவில்லை. பில்லில் மட்டும் டொக்டரின் கட்டணம் முழுதாக இருக்கிறது, அதற்கு மேல் நிலையத்தின் கட்டணமும் இருக்கிறது. எங்கள் உம்மம்மாவின் துண்டுக்குப் போன மாதம் 2,400 ரூபா போனது. வாப்பா கொப்பியை மட்டும்தான் கொண்டுபோனார். உம்மம்மா வீட்டில் இருந்தார்.

எல்லா டொக்டர்மாரும் இப்படி என்று சொன்னால் அது அநியாயம். பழைய நோயாளி என்றால் ஒரு சதமும் வாங்காமல் எழுதித் தருபவர்கள் நம் பக்கத்திலேயே இருக்கிறார்கள். அல்லாஹ் அவர்களுக்கு பரக்கத் செய்வானாக.

டொக்டர் பக்கத்து நியாயத்தையும் பார்க்க வேண்டும். கையொப்பம் போட்டால் பொறுப்பு அவருடையது. மெட்போமின் சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேறுகிறது. சிறுநீரகம் பலவீனமாகிவிட்டால் பழைய அளவையே கொடுக்க முடியாது. லொசாட்டன் எடுப்பவரின் இரத்தத்தில் பொட்டாசியம் கூடலாம். செங்குழியங்கள் ஏறக்குறைய 120 நாட்கள் வாழ்கின்றன என்று உயிரியலில் படிக்கிறோம். எச்பிஏ1சி பரிசோதனை கடந்த இரண்டு மூன்று மாதச் சீனியின் அளவைக் காட்டுவது அதனால்தான். ஆகவே, "பார்க்காமல் எழுத முடியாது, ஆளைக் கூட்டி வாருங்கள்" என்று ஒரு டொக்டர் சொன்னால் நான் அவர் பக்கம்தான் நிற்பேன். பிரஷரைப் பார்க்கட்டும், காலில் புண் இருக்கிறதா என்று பார்க்கட்டும், ரிப்போர்ட்டை வாசிக்கட்டும். முழுக் கட்டணத்தையும் சந்தோஷமாகக் கொடுக்கலாம். ஆனால் பொறுப்பைக் காரணம் காட்டிப் பணத்தை வாங்கிவிட்டு, அந்தப் பொறுப்புக்குரிய வேலையைச் செய்யாமல் விடுவதை எப்படி ஏற்றுக்கொள்வது?

இதன் விளைவு பணத்தோடு நிற்பதில்லை. 2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபா என்று வர்த்தமானியில் வந்தது. நாட்சம்பளத்தில் வாழும் ஒரு தாய் ஒரு கையொப்பத்துக்காக ஒரு நாள் சம்பளத்துக்கும் மேலாகக் கொடுப்பாரா? மாட்டார். பழைய துண்டையே பார்மசிக்குக் கொண்டுபோவார். மடித்து மடித்து எழுத்தே அழிந்துபோன துண்டுகளைக் கொண்டுவருபவர்களை நீங்களும் கண்டிருப்பீர்கள். இன்னும் சிலர் ஒரு நாள் விட்டு ஒரு நாள் குடித்து மாத்திரையை நீட்டிக்கிறார்கள். பிரஷர் மாத்திரையை இப்படிக் குடித்தால் பாரிசவாதம் வரும் ஆபத்து கூடுகிறது. பிறகு அவரை அதே அரசாங்க ஆஸ்பத்திரிக்குத்தான் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும்.

மருந்தின் விலையைக் குறைக்க இந்த நாட்டில் ஒருவர் பெரிய போராட்டமே நடத்தினார். அவர் பேராசிரியர் சேனக பிபிலே. 1971 இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் உருவானதன் பின்னால் இருந்தவர் அவர்தான். கம்பனிப் பெயருக்குக் காசு கொடுக்காமல், மருந்தின் சொந்தப் பெயரில் மலிவாக வாங்கலாம் என்று காட்டினார். இன்று மெட்போமின் ஒரு மாதத்துக்கு வாங்கும் செலவைவிட அதை எழுதித் தரும் கையொப்பம் விலை கூடிவிட்டது!

வேறு வழி இல்லாமல் இல்லை. இங்கிலாந்தில் நோய் கட்டுப்பாட்டில் இருப்பவருக்குக் குடும்ப வைத்தியர் 12 மாதம் வரைக்கும் திரும்பத் திரும்ப மருந்து எடுக்க அனுமதி எழுதலாம். எழுதுவதற்கு அவர் நோயாளியிடம் கட்டணம் வாங்குவதில்லை. அது பணக்கார நாடு, அரசாங்கம் செலவைப் பார்க்கிறது என்பீர்கள். சரி, நம் நாட்டையே எடுப்போம். 2020 இல் கொரோனா ஊரடங்கின்போது கிளினிக் நோயாளிகளின் மருந்தைத் தபால்காரர்கள் வீட்டு வாசலில் கொண்டுவந்து கொடுத்தார்கள். கட்டாயம் வந்தபோது ஒரு வழி கண்டுபிடித்தோம் அல்லவா?

எங்கள் வகுப்பில் உயிரியல் பிரிவில் இருக்கும் பாதிப் பேருக்கு டொக்டர் கனவு. பேராதனை மருத்துவ பீடம் கிடைக்க வேண்டும் என்று உம்மாமார் தஹஜ்ஜுதில் எழும்பி துஆ கேட்கிறார்கள். அங்கே படிக்கும் செலவு மக்களின் வரிப்பணம். கொழுந்து பறிப்பவர் வாங்கும் சீனியிலும் மாவிலும் அந்த வரி இருக்கிறது. அதற்காக டொக்டர் சும்மா வேலை செய்ய வேண்டும் என்று நான் சொல்லவில்லை. யாரும் அவரிடம் ஸதகா கேட்கவில்லை. செய்த வேலைக்குரிய கூலியை வாங்குங்கள் என்றுதான் கேட்கிறோம்.

ஒரு நோயாளியைப் பார்க்கும்போதே, "இது மூன்று மாதத்துக்குச் செல்லும், அதன் பிறகு இன்ன பரிசோதனையோடு வரவும்" என்று துண்டில் எழுதிவிடலாம். அதனால் டொக்டருக்கு ஒரு நட்டமும் இல்லை. துண்டை மட்டும் புதுப்பிப்பதற்குத் தனியாக ஒரு சிறிய கட்டணத்தை வைத்து, அதைக் கவுன்டருக்கு மேலே எழுதித் தொங்கவிடலாம். தனியார் வைத்திய நிலையங்களைப் பதிவுசெய்ய 2006 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. அதன் கீழ் பதிவு பெறும் இடங்களில் இந்தக் கட்டணப் பலகையைக் கட்டாயமாக்குவது அரசாங்கத்துக்குக் கஷ்டமான காரியமா?

அதுவரைக்கும் பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை கொப்பியை நீட்டுவதற்கு முன், "டொக்டர் ஆளைப் பார்ப்பாரா, எழுதி மட்டும் தருவாரா?" என்று கேளுங்கள். எழுதி மட்டும் தருவது என்றால் அதற்கு எவ்வளவு என்றும் கேளுங்கள். முழுக் கட்டணம்தான் என்றால் உம்மம்மாவையும் கூட்டிக்கொண்டே போங்கள். கைப்பட்டியைச் சுற்றி ஒருமுறை பிரஷராவது பார்க்கட்டும்.