விசா யார் பேர்ல வருது?

மூணாவது வருஷம் முடியப் போகுதுன்னா போதும், கேன்டீன் பேச்சே மாறிடுது. "ஆன்சைட் கிடைக்குமா?", "எந்த நாட்டுக்கு ஈஸி?", "விசாவுக்கு எவ்ளோ ஆகும்?" இந்த மூணு கேள்வியைத் தாண்டி நாம போறதே இல்லை. இந்த வாரம் நாலாவதா ஒரு கேள்வி கேட்போமா? அந்த விசா யார் பேர்ல வருது?

"இதென்னங்க கேள்வி, என் பாஸ்போர்ட்லதானே ஒட்டுறாங்க!"னு சொல்றீங்க. ஒட்டுறது உங்க பாஸ்போர்ட்லதான். ஆனா அதைக் கேட்டு மனு போட்டது யார்? அங்கதான் விஷயமே இருக்கு.

எங்க ஊர் சந்தவாசல். கண்ணமங்கலத்துக்கும் போளூருக்கும் நடுவுல, ஜவ்வாது மலை அடிவாரம். படவேடு ரேணுகாம்பாள் கோயிலுக்குப் போறவங்க பலர் எங்க ஊர்ல திரும்பித்தான் போவாங்க. நெல், வாழை, கரும்புன்னு விவசாயம்தான் பிழைப்பு. இங்க ஒரு வீட்ல இன்ஜினீயர் இருந்தா, பெரும்பாலும் அந்த வீட்டோட முதல் பட்டதாரி அவர்தான். வெளிநாட்டு வேலைன்னு ஒரு போன் வந்தா அந்த வீட்ல முதல்ல வெளியே வர்றது சர்டிபிகேட் ஃபைல் இல்லை, நிலத்துப் பத்திரம். அதனாலதான் இந்தக் கேள்வியை விளையாட்டா கேட்கலை.

மனு போடுறது கம்பெனி

நம்ம ஊர்ல எல்லாருக்கும் தெரிஞ்ச பேர் எச்-1பி. பட்டப்படிப்பு தேவைப்படுற சிறப்புத் திறன் வேலைகளுக்கு வெளிநாட்டுக்காரங்களை எடுக்க, அமெரிக்கா 1990-ம் வருஷச் சட்டத்துல கொண்டு வந்தது. இதுக்கு நீங்களா போய் விண்ணப்பம் போட முடியாது. அமெரிக்காவுல இருக்கிற கம்பெனி, "இந்த வேலைக்கு இந்த ஊர்ல நிலவுற சம்பளத்தைக் குறைக்காம கொடுப்பேன்"னு முதல்ல தொழிலாளர் துறைக்கு எழுதிக் கொடுக்கணும். அப்புறம் குடியேற்றத் துறையில மனு போடணும். மனு பாஸ் ஆன பிறகுதான் நீங்க சென்னை அண்ணா மேம்பாலம் பக்கத்துல இருக்கிற தூதரகத்துல வரிசையில நிக்கிற கதை.

மனு அவங்களோடதுங்கிறதால அதுக்கான விலையும் உண்டு. முதல்ல மூணு வருஷம், நீட்டிச்சா மொத்தம் ஆறு வருஷம். கிரீன் கார்டு வரிசையில நின்னா அதுக்கு மேலயும் நீட்டிக்கலாம். ஆனா நடுவுல வேலை போயிடுச்சுன்னா அதிகபட்சம் 60 நாள். அதுக்குள்ள வேற கம்பெனி உங்களுக்காகப் புது மனு போடணும், இல்லைன்னா பெட்டியைக் கட்டணும். அங்க வாங்கின காரும், குழந்தையோட ஸ்கூலும் அந்த 60 நாளுக்குள்ளதான்.

இதுல நமக்குச் சாதகமான விதிகளும் இருக்கு. அதை யாரும் சொல்றதில்லை. மனுக் கட்டணமும் வக்கீல் ஃபீஸும் கம்பெனியோட தொழில் செலவு, அதை ஊழியர் தலையில கட்டக்கூடாதுங்கிறது அமெரிக்கத் தொழிலாளர் துறை விதி. ப்ராஜெக்ட் இல்லைன்னு பெஞ்ச்ல உட்கார வெச்சாலும் சம்பளம் கொடுத்தாகணும். ஆக, "எச்-1பிக்கு எவ்ளோ ஆகும்?"ங்கிற கேள்வியே தப்பு. உங்களுக்குன்னு விலை சொல்றவர்கிட்டதான் உஷாரா இருக்கணும்.

குலுக்கல் கணக்கு

வருஷத்துக்கு இடம் எத்தனை? 65,000. அதுலயும் 6,800 வரை சிலி, சிங்கப்பூர் நாட்டுக்காரங்களுக்கு ஒதுக்கீடு. அமெரிக்காவுலயே மாஸ்டர்ஸ் படிச்சவங்களுக்குத் தனியா 20,000. நம்ம சீனியர் அண்ணன்களோட காலத்துல, அதாவது 2001 முதல் 2003 வரையிலான நிதியாண்டுகள்ல, இது 1,95,000 வரை ஏறியிருந்தது. அப்ப போனவங்களோட கதையைக் கேட்டுட்டுத்தான் இன்னிக்கும் பல வீட்ல கணக்குப் போடுறாங்க. 2004-லேயே அது பழைய 65,000-க்கு இறங்கிடுச்சு.

2025 மார்ச்ல நடந்த பதிவுல தகுதியான பெயர்கள் சுமார் 3,44,000. தேர்வானது சுமார் 1,20,000. மூணு பேர்ல ஒருத்தருக்கு அடிச்ச மாதிரி. 2023 வரைக்கும் ஒரே ஆளுக்காகப் பல கம்பெனிகள் பேர் கொடுத்து சீட்டைப் பெருக்கிக்க முடிஞ்சது. 2024-லேர்ந்து எத்தனை கம்பெனி பேர் கொடுத்தாலும் ஒரு ஆளுக்கு ஒரு வாய்ப்புதான்னு மாத்திட்டாங்க.

அதுக்கப்புறம் வந்தது இரண்டு இடி. 2025 செப்டம்பர் 19-ந் தேதி அதிபர் டிரம்ப் கையெழுத்துப் போட்ட உத்தரவுல, வெளிநாட்டுல இருக்கிறவங்களுக்காகப் போடுற புது மனுவுக்குக் கம்பெனி 1,00,000 டாலர் கட்டணும்னு வந்தது. ஒரு வருஷத்துக்குன்னு போட்ட உத்தரவு அது. ரெண்டாவது இடி பத்தி கேன்டீன்ல பேச்சே இல்லை, ஆனா அதுதான் நமக்கு நேரா விழுது. 2026 பிப்ரவரி 27 முதல் குலுக்கலே சம்பளத்தைப் பார்த்துன்னு ஆச்சு. வேலைகளை நாலு சம்பளப் படியா பிரிக்கிறாங்க. உச்சிப் படியில இருந்தா பேர் நாலு தடவை சீட்டுக் குலுக்கல்ல விழும். அடிப்படியில இருந்தா ஒரே தடவை. ஃப்ரெஷர் எந்தப் படியில இருப்பார்னு நான் சொல்லணுமா என்ன?

அமெரிக்கக் கனவையே மூட்டை கட்டுங்கன்னு சொல்ல வரலை. 22 வயசுல நேரா போற வழி ஒடுங்கிடுச்சு, அனுபவத்தோட போற வழி கொஞ்சம் திறந்திருக்கு. "ஃப்ரெஷருக்கு கேரன்டி"ன்னு யாராவது சொன்னா இந்த நாலு படிக் கணக்கை மனசுல ஓட்டிப் பாருங்க.

சிங்கப்பூர் மார்க் ஷீட்

சிங்கப்பூர்ல வொர்க் பெர்மிட், எஸ் பாஸ், எம்ப்ளாய்மென்ட் பாஸ்னு மூணு படி. நம்ம பக்கத்துலேர்ந்து கட்டட வேலைக்குப் போறவங்களுக்குக் கிடைக்கிறது முதல் படி. பட்டதாரி வேலைக்கு மேல் படி. அதுக்கு 2025 ஜனவரி முதல் மாசச் சம்பளம் குறைஞ்சது 5,600 சிங்கப்பூர் டாலர், வயசு கூடக் கூட இதுவும் கூடும்.

அது மட்டும் போதாது. 2023 செப்டம்பர்லேர்ந்து 'காம்பஸ்'னு ஒரு புள்ளி முறை. பாஸ் மார்க் 40. உங்க சம்பளத்துக்கும் படிப்புக்கும் பூஜ்யம், 10, 20-ன்னு மார்க். சாதாரணப் பட்டத்துக்கு 10, உச்சியில இருக்கிற கல்வி நிறுவனப் பட்டத்துக்கு 20. மூணாவது பேப்பர்தான் செம. அந்தக் கம்பெனியோட நிபுணர் பணிகள்ல ஏற்கெனவே கால்வாசிக்கு மேல உங்க நாட்டுக்காரங்க இருந்தா உங்களுக்குப் பூஜ்யம்! நீங்க எவ்ளோ படிச்சிருந்தாலும் சரி. "அங்க நம்மாளுங்க நிறைய இருக்காங்க, ஈஸியா எடுத்துப்பாங்க"ன்னு ஒரு மாமா சொன்னார்னா, காம்பஸ் கணக்குல அது மைனஸ். ஆளே குறைவா இருக்கிற சின்னக் கம்பெனிக்கு மட்டும் இதுல தானாகவே 10 மார்க் உண்டு.

உங்க பேர்லயே ஒரு சீட்டு

கம்பெனி மனு போடாம, உங்க பேர்லயே வர்றதுக்கு ஏதாவது இருக்கா? இருக்கு. ஜெர்மனி 2024 ஜூன் 1-ல ஆரம்பிச்ச 'சான்சன்கார்டே', அதாவது வாய்ப்பு அட்டை. ஒரு வருஷம் வரை அங்க போய் இருந்து வேலை தேடலாம், வாரம் 20 மணி நேரம் பகுதி நேர வேலையும் பார்க்கலாம். வேலை கிடைச்சா அதுக்கேத்த பெர்மிட்டுக்கு மாறிக்கலாம்.

இதுக்கு 6 புள்ளி வேணும். ஒரு ஃப்ரெஷருக்குக் கணக்குப் போடலாம் வாங்க. 35 வயசுக்குள்ள இருந்தா 2. ஆள் பற்றாக்குறை உள்ள தொழில் பட்டியல்ல உங்க படிப்பு இருந்தா 1, இன்ஜினீயரிங்கும் ஐ.டி.யும் அதுல உண்டு. இங்கிலீஷ் சி1 அளவுல இருந்தா 1. ஆக 4. மிச்சம் 2 எங்கேர்ந்து வரும்? ஜெர்மன் மொழி பி1 படிச்சா சரியா 2. பாஸ்! ரெண்டு வருஷ வேலை அனுபவம் இருந்தா அந்த 2 வேற வழியில வந்துடும்.

ஆனா இதுவும் ஓசி இல்லை. தங்குற மாசத்துக்கு 2025 கணக்குப்படி 1,091 யூரோ வீதம் கையில இருக்குன்னு காட்டணும். ஒரு வருஷத்துக்கு 13,000 யூரோவுக்கு மேல. இந்தப் பணம் உங்க பேர்ல முடக்கின கணக்குல இருக்கும், மாசா மாசம் நீங்களே எடுத்துச் செலவு பண்ணலாம். புரோக்கர் பைக்குள்ள போகாது. உங்க காலேஜை ஜெர்மனி ஏத்துக்குதான்னு 'அனாபின்'கிற அவங்களோட தகவல் தொகுப்புல இலவசமாவே பார்த்துக்கலாம்.

பத்திரம் பேசுது

எங்க தெருவுக்குப் பக்கத்துல ஒரு அண்ணன். பி.இ. முடிச்சு சென்னையில ரெண்டு வருஷ வேலை. ஒரு கன்சல்டன்ட் வந்து "எச்-1பி கேரன்டி, முன்பணம் மூணு லட்சம்"னார். அவங்கப்பா வாழைத்தோப்பை அடமானம் வெச்சுக் கட்டினார். குலுக்கல்ல பேர் வரலை. "அடுத்த மார்ச்ல பார்த்துக்கலாம்"னு பதில். அடுத்த மார்ச்ல போனே எடுக்கலை. அவர் பேர்ல எந்தக் கம்பெனி பதிவு பண்ணுச்சு, உண்மையிலேயே பண்ணுச்சான்னு கேட்டா, அந்த வீட்ல யார்கிட்டயும் ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. பத்திரம் இன்னும் திரும்பி வரலை.

புரோக்கர் எங்க மலைக்குப் புதுசில்ல. செம்மரம் வெட்ட ஆள் பிடிக்க வர்றவங்களை ஜவ்வாது மலை கிராமங்கள் நல்லா பார்த்திருக்கு. 2015 ஏப்ரல் 7-ந் தேதி ஆந்திராவுல சேஷாசலம் காட்டுல போலீஸ் சுட்டதுல 20 பேர் செத்துப் போனாங்க. எங்க திருவண்ணாமலை மாவட்டத்துக்காரங்களும் அதுல இருந்தாங்க. அந்த வேலையும் நம்ம வேலையும் ஒண்ணுன்னு சொல்லலை. ஆனா ஆள் பிடிச்சவன் ஆபத்து வர்ற நேரத்துல பக்கத்துல இருக்க மாட்டான்ங்கிறது ரெண்டுக்கும் பொருந்தும்.

படிச்சவங்க ஏமாற மாட்டாங்கன்னு நினைக்காதீங்க. 2022-ல தாய்லாந்துல டிஜிட்டல் மார்க்கெட்டிங் வேலைன்னு சொல்லி ஐ.டி. தெரிஞ்ச பசங்களையே குறிவெச்சு மியான்மருக்குக் கடத்திட்டுப் போனாங்க. நம்ம வெளியுறவு அமைச்சகமே எச்சரிக்கை விட்டது. தமிழ்நாட்டுப் பசங்களையும் மீட்டுக் கொண்டு வந்தாங்க.

அதனால பணம்னு யார் வாய் திறந்தாலும் மூணு விஷயம் கேளுங்க. ஒண்ணு, மனு போடுற கம்பெனி பேர் என்ன, வேலைக்கான ஆஃபர் லெட்டர் எங்கே? ரெண்டு, ஆள் எடுக்கிறவர் மத்திய அரசுகிட்ட பதிவு பண்ணின ஏஜென்டா? 'இ-மைக்ரேட்' பட்டியல்ல தேடினா தெரிஞ்சுடும். பதிவு பண்ணினவரே வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான்னு விதி இருக்கு. மூணு, கையில வர்றது வேலை விசாவா, டூரிஸ்ட் விசாவா? "போனதும் மாத்திக்கலாம்"னு பதில் வந்தா அங்கேயே எழுந்து வந்துடுங்க.

இதை நீங்க தெரிஞ்சுக்கிட்டா மட்டும் போதாது. பத்திரத்துல கையெழுத்துப் போடுறது அப்பாவும் அம்மாவும்தான். அவங்ககிட்ட கன்சல்டன்ட் பேசுறதுக்கு முன்னாடி நீங்க பேசுங்க. குலுக்கல்னா என்ன, யாரும் கேரன்டி கொடுக்க முடியாதுன்னா ஏன்னு தமிழ்ல, நிதானமா, ஒரு ஞாயித்துக்கிழமை உட்கார்ந்து சொல்லுங்க. செமஸ்டர்ல நாம எழுதுற பேப்பர் எதையும்விட அது முக்கியமான வைவா.

அடுத்த வாரம் பார்ப்போம் ஃப்ரெண்ட்ஸ்!